கீறல் ஓவியம் கற்கும் குழந்தைகள்: தாளில் தெரியும் பிழையும் அது பிறந்த இடமும்

கறுப்புப் பூச்சைக் குச்சியாலோ முள்ளாலோ கீறி, அடியில் ஒளிந்திருக்கும் வெண்மையையோ வண்ணத்தையோ வெளிக்கொண்டுவருவதுதான் கீறல் ஓவியம். கடைகளில் இதற்கான தாள் ‘ஸ்கிராட்ச் போர்டு’, ‘ஸ்கிராட்ச் பேப்பர்’ என்ற பெயர்களில் கிடைக்கிறது. அட்டையின்மேல் வெண்களிமண்ணைப் பூசி, அதன்மேல் இந்தியன் இங்க் பூசித் தயாரிப்பது ஒரு வகை. குழந்தைகளே கிரேயானால் தாளை நிரப்பி, மேலே கறுப்புப் போஸ்டர் கலர் பூசித் தயாரிப்பது மற்றொரு வகை. முதல் வகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் உருவானது. மரச் செதுக்குப் படத்தைப் போன்ற நுண்கோடுகளை அதைவிட விரைவாகவும் மலிவாகவும் பெற முடிந்ததாலும், அக்கோடுகள் அச்சில் தெளிவாக விழுந்ததாலும், செய்தித்தாள்களும் விளம்பரங்களும் இதை விரும்பி ஏற்றன. பின்னர் இது குழந்தைகளின் பட நூல்களுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் சிறந்த பட நூல் ஓவியத்துக்குத் தரப்படும் கால்டிகாட் பதக்கத்தை 1959இல் பெற்ற பார்பரா கூனியின் ‘சான்டிகிளீர் அண்ட் தி ஃபாக்ஸ்’, 2009இல் அதே பதக்கத்தைப் பெற்ற பெத் க்ரோம்ஸின் ‘தி ஹவுஸ் இன் தி நைட்’ ஆகிய இரண்டின் படங்களும் கீறல் முறையில் உருவானவை.

வகுப்பில் இம்முறையைக் கற்பிப்போருக்கும், விடுமுறையில் வீட்டில் குழந்தையோடு செய்து பார்க்கும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில், தாளில் தோன்றும் குறையைத் தலைப்பாக வைத்து, அதன் காரணமும் தீர்வும் கீழே தரப்பட்டுள்ளன. கீறும்போது கண்ணில் படும் குறைகளில் பெரும்பாலானவை பூச்சின்போதே பிறந்துவிட்டவை என்பதை மனத்தில் கொண்டால், குழந்தையின் கையைக் குறை சொல்லும் அவசியம் பாதி குறைந்துவிடும். எஞ்சியவை, பென்சிலைப் பிடித்துப் பழகிய மனம் கீறு குச்சியைப் பிடிக்கும்போது வருபவை. அவற்றுக்குத் தீர்வு பொருளில் இல்லை, பார்வையில் இருக்கிறது.

கறுப்பு வண்ணம் கிரேயானின்மேல் ஒட்டாமல் துளித்துளியாகத் திரள்கிறது

மெழுகு நீரை விலக்குவதே காரணம். போஸ்டர் கலரில் பாத்திரம் தேய்க்கும் திரவச் சோப்பைச் சில துளிகள் விட்டு, நுரை எழாதபடி மெதுவாகக் கலக்கிப் பூசினால் வண்ணம் பரவி நிற்கும். அப்போதும் திரண்டால், பூசுவதற்கு முன் கிரேயான் பரப்பின்மேல் சிறிது டால்கம் பவுடரைப் பஞ்சால் ஒற்றித் தேய்த்து, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். வண்ணத்தில் தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்துவிட்டுச் சோப்பின்மேல் பழி போடுவதும் நடக்கிறது. புட்டியிலிருந்து எடுத்த போஸ்டர் கலருக்குத் தூரிகையை நனைக்கும் அளவு நீரே போதும்.

முதல் பூச்சை இடமிருந்து வலமாகவும், அது நன்கு காய்ந்தபின் இரண்டாவது பூச்சை மேலிருந்து கீழாகவும் பூசினால், முதல் பூச்சில் தூரிகை விட்டுச்சென்ற இடைவெளிகள் மூடிக்கொள்ளும். காய்ந்த பரப்பில் ஊசிமுனை அளவுத் துளைகள் தெரிந்தால் சோப்பு அதிகமாகி நுரைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது பூச்சைச் சோப்பு குறைத்துக் கலந்து பூசினால் அவை மறையும்.

கீறினால் வண்ணத்துக்குப் பதில் சாம்பல் நிறக் கோடு வருகிறது

அந்த இடத்தில் கிரேயான் போதுமான கனத்தில் இல்லை. மெழுகு இல்லாத இடைவெளிகளில் கறுப்பு நேராகத் தாளின் நாருக்குள் இறங்கிவிடுகிறது, இறங்கிய கறுப்பைச் சுரண்டி எடுக்க முடியாது. இதைப் பூசிய பிறகு சரிசெய்ய வழியில்லை என்பதால், பூசுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும். கிரேயானால் நிரப்பிய தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மெழுகு படிந்த பகுதி பளபளக்கும், படியாத பகுதி மங்கித் தெரியும். இந்தச் சோதனையைக் குழந்தையே செய்யட்டும், மங்கிய இடங்களைத் தேடி நிரப்புவதை அவர்கள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மெழுகு குறைவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று, கைவலி. ஏ4 தாள் முழுவதையும் அழுத்தி நிரப்புவது ஏழு வயதுக் கைக்குப் பெரிய வேலை. அஞ்சலட்டை அளவுத் தாள் தந்தால் போதும், அதில் ஒரு முழுப் படம் அடங்கும், கீறும் வேலையும் சலிப்பதற்குள் முடியும். கிரேயானின் காகித உறையை உரித்து, ஒரு துண்டை உடைத்துப் படுக்கைவாட்டில் தேய்க்கச் சொன்னால் பரப்பு விரைவில் நிரம்பும்.

வேறொரு காரணமும் உண்டு. பழுப்பு, கருநீலம், ஊதா போன்ற அடர்ந்த நிறங்களை அடியில் இட்டால், அவை சரியாகவே வெளிப்பட்டாலும் கறுப்பின் அருகில் கண்ணுக்குத் தெரியமாட்டா. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, இளம்பச்சை, வான்நீலம் ஆகியவையே இந்த வேலைக்கு உகந்தவை.

பூசிய பின் குறை தெரியவந்தால், அந்த மூலையைக் கீறாமல் இரவு வானமாகவோ மரத்தின் நிழலாகவோ விட்டுவிடச் சொல்லலாம். முழுக் கறுப்பாக விடப்பட்ட இடம் இவ்வகைப் படங்களுக்கு எப்போதும் நன்மையே செய்யும்.

குச்சி பட்ட இடம் சேறுபோல் குழைகிறது

பூச்சு காயவில்லை. மேற்புறம் காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் ஈரம் இருக்கும், விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்த்தால் ஈரமுள்ள இடம் குளிர்ந்திருக்கும். கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஓர் இரவு முழுவதும் காய விடுவதே பாதுகாப்பானது. ஆகவே பூச்சை ஒரு வகுப்பிலும் கீறலை அடுத்த வகுப்பிலும் வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு ஹேர் டிரையர் காட்டுவதும் வெயிலில் வைப்பதும் வேண்டாம். சூட்டில் மெழுகு இளகி, மேலேயுள்ள வண்ணம் வெடித்துப்போகும். மின்விசிறிக் காற்றும் நிழலும் போதும்.

கோட்டின் ஓரம் நேராக வராமல் செதில் செதிலாக உதிர்கிறது

பூச்சு மிகக் கனமாக இருக்கலாம், அல்லது தாள் வளைந்திருக்கலாம். மெழுகு வளைந்துகொடுக்கும், காய்ந்த போஸ்டர் கலர் வளையாது. எனவே தாளைத் தூக்கியும் சுருட்டியும் கையாண்டால் பூச்சு விரிசல் விடும். தாளின் நான்கு மூலைகளையும் கனமான அட்டையின்மேல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுத்தான் பூசத் தொடங்க வேண்டும். படம் முடியும்வரை அதை எடுக்கவும் கூடாது.

போஸ்டர் கலருக்குப் பதிலாக அக்ரிலிக் பயன்படுத்தியிருந்தால் நிலைமை வேறு. அது காய்ந்தபின் நெகிழித் தோலாக மாறிவிடுவதால், கீறும்போது கோடு விழாமல் நாடாவாக உரிந்து வரும். நன்கு இறுகுவதற்குள், அதாவது பூசிக் காய்ந்த அன்றே கீறினால் ஓரளவு தப்பிக்கலாம். சிறுவர் வகுப்புக்கு நான் அக்ரிலிக்கைப் பரிந்துரைப்பதில்லை.

கருவியைப் பிடிக்கும் விதமும் பார்க்கப்பட வேண்டும். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து முன்னோக்கித் தள்ளினால் பூச்சு பெயரும். பேனாவைப் போலச் சாய்த்துப் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தால் கோடு தெளிவாக விழும். கோட்டின் திசை மாற வேண்டுமென்றால் மணிக்கட்டைத் திருகாமல் அட்டையைத் திருப்பச் சொல்லுங்கள்.

தாள் கிழிகிறது

கருவி கூர்மையாக இருக்கிறது அல்லது தாள் மெல்லியதாக இருக்கிறது. 200 ஜி.எஸ்.எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தாள் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு மூங்கில் குச்சி, பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனை, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா ஆகியவை போதும். காம்பஸ் முள்ளும் தையல் ஊசியும் பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு, அதுவும் பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும் தரத்தக்கவை. கடையில் வாங்கிய களிமண் அட்டையில் வெண்மைக்குக் கீழே அட்டையின் பழுப்பு நிறம் தெரிந்தால், களிமண் அடுக்கையே துளைத்துவிட்டார்கள் என்று பொருள். ஓர் அழுத்தமான கீறலுக்குப் பதிலாக, அதே தடத்தில் இரண்டு மூன்று இலேசான கீறல்கள் இடப் பழக்க வேண்டும்.

கை பட்ட இடமெல்லாம் மங்கலும் பளபளப்புமாகத் தழும்பு விழுகிறது

உள்ளங்கையின் அடியில் ஒரு துண்டு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு கீற வேண்டும். வலக்கைக்காரர் இடமேற்புறத்திலிருந்தும், இடக்கைக்காரர் வலமேற்புறத்திலிருந்தும் தொடங்கினால் முடித்த பகுதியின்மேல் கை உராயாது. உதிர்ந்த தூளை வாயால் ஊத அனுமதிக்கக் கூடாது, அது எதிரில் இருக்கும் குழந்தையின் கண்ணுக்குத்தான் போகும். மென்மையான அகலத் தூரிகையால் கூட்டித் தள்ளலாம்.

படம் சிலேட்டில் சாக்பீசால் வரைந்ததுபோல் இருக்கிறது

பட நூலைக் காட்டி உற்சாகமாகத் தொடங்கிய வகுப்பில் ஆசிரியருக்கு அதிகம் ஏமாற்றம் தரும் குறை இதுவே. பூச்சு சரியாக இருக்கிறது, கோடு சுத்தமாக விழுகிறது. ஆனாலும் வீடு என்றால் ஒரு சதுரமும் முக்கோணமும், பூனை என்றால் ஒரு வெள்ளைக் கோட்டுருவம், அவ்வளவுதான். நூலில் பார்த்த பக்கத்தின் செறிவு இதில் எங்கும் இல்லை.

குழந்தை செய்தது பிழையான வேலை அன்று, வேறொரு கருவிக்கு உரிய வேலை. வெள்ளைத் தாளில் பென்சில் பிடிக்கும்போது நாம் இருளைச் சேர்க்கிறோம். பொருளின் விளிம்பும் நிழலும் கோடாகின்றன. கறுப்புத் தாளில் இருள் ஏற்கெனவே முழுமையாக இருக்கிறது. இங்கு சேர்க்க வேண்டியது ஒளி. விளிம்பைக் கீறும் பழக்கம் ஒளி விழும் பரப்பைக் கீறும் பழக்கமாக மாற வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காட்டிப் புரியவைப்பது எளிது. அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு முட்டையையோ எலுமிச்சையையோ மேசையில் வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு கைவிளக்கை அடியுங்கள். ‘எந்தப் பக்கம் தெரியவே இல்லை?’ என்று கேளுங்கள். தெரியாத பக்கத்தைக் குச்சியால் தொடவே கூடாது என்ற ஒரே விதியோடு அந்தப் பொருளைத் தாளில் கீறச் சொல்லுங்கள். இருண்ட பக்கத்தில் விளிம்புக்கோடு இல்லாமலே அது உருண்டையாகத் தெரிவதைக் கண்டதும், பெரும்பாலான குழந்தைகள் உடனே இன்னொரு தாள் கேட்பார்கள்.

அடுத்த பயிற்சி சாம்பல் நிறங்களைக் கோடுகளால் உருவாக்குவது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறம் இந்த ஊடகத்தில் கிடையாது. நெருங்கிய கோடுகள் வெளிறிய சாம்பலாகவும், விலகிய கோடுகள் அடர்ந்த சாம்பலாகவும் தோன்றுவது கண்ணின் கலவையால் நேர்வது. ஒரு சிறு பட்டையில் ஐந்து கட்டங்கள் பிரித்து, முதலாவதைக் கறுப்பாகவே விட்டு, அடுத்தடுத்த கட்டங்களில் இணைகோடுகளை நெருக்கிக்கொண்டே போய், கடைசிக் கட்டத்தை முழுவதும் சுரண்டி வெளுக்க வேண்டும். இணைகோட்டுக்குப் பதிலாகப் பின்னல்கோடு, புள்ளி, சுழி என்று ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை செய்தால், படத்துக்குத் தேவையான சொற்களஞ்சியம் முழுவதும் குழந்தையின் கையில் வந்துவிடும்.

மூன்றாவது, கோட்டின் திசை. பூனையின் முதுகில் இட்ட கீறல்கள் அனைத்தும் நேர்கிடையாக இருந்தால் பூனை தட்டையாகிவிடும். மயிர் வளரும் திசையில், உடல் வளையும் விதத்தில் அவை வளைய வேண்டும். குன்று என்றால் சரிவின் வழியாகவும், தண்ணீர் என்றால் கிடையாகவும், மரப்பட்டை என்றால் நெடுக்காகவும் கோடு ஓட வேண்டும். ‘ஓர் எறும்பு இதன்மேல் நடந்தால் எந்த வழியாகப் போகும்?’ என்ற கேள்வி இங்கு நன்றாக வேலை செய்கிறது. பெத் க்ரோம்ஸின் படங்களில் மரங்களும் வயல்களும் வானமும் தனித்தனித் திசையில் ஓடும் கோடுகளாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்து நிற்பதைக் குழந்தைகளுக்குப் பூதக்கண்ணாடி தந்து காட்டலாம்.

வானவில் நிறங்கள் அடியில் அச்சிடப்பட்டு வரும் ஆயத்தத் தாளைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எதைக் கீறினாலும் அழகாகத் தெரியும் என்பதால் முதல் நாளுக்கு அது மகிழ்ச்சி தரும். அதே காரணத்தால் அது எதையும் கற்பிக்காது. நிறம் வியப்பூட்டும்போது ஒளி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஒளியையும் கோட்டையும் கற்பிக்க வேண்டுமானால் அடியில் வெள்ளை மட்டும் உள்ள தாளே வேண்டும். களிமண் அட்டை விலை கூடுதல் என்றால், வெள்ளைக் கிரேயானையோ மெழுகுவர்த்தியையோ அழுத்தித் தேய்த்து அதன்மேல் கறுப்புப் பூசினால் போதும்.

மனித முகம் பேய்முகமாக வருகிறது

மேலே சொன்ன குறையின் கூர்மையான வடிவம் இது. பென்சிலால் கருக்க வேண்டிய கருவிழி, புருவம், மூக்குத்துளை ஆகியவற்றைக் குழந்தை குச்சியால் கீறிவிட்டதால் அவை வெளுத்துவிட்டன. வெளுக்க வேண்டிய கன்னமும் நெற்றியும் கறுப்பாகவே நிற்கின்றன. புகைப்படச் சுருளின் நெகட்டிவில் தெரிவது இதுதான். கருவிழியைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள வெள்ளைவிழியைக் கீற வேண்டும், புருவத்தைத் தொடாமல் நெற்றியைக் கீற வேண்டும். கீறு தாளுக்குப் போவதற்கு முன் கறுப்பு சார்ட் தாளில் வெள்ளைப் பென்சிலால் ஒருமுறை வரைந்து பார்ப்பது நல்லது, அங்கே தவறினால் இழப்பு சிறிது.

ஏற்கெனவே கீறிவிட்ட கருவிழியைச் சிறிய தூரிகையால் கறுப்பு வைத்து மூடலாம். களிமண் அட்டையில் இந்தியன் இங்க் இதற்கு நன்கு பொருந்தும், கிரேயான் தாளில் சோப்பு கலந்த அதே போஸ்டர் கலர்தான் வேண்டும். மூடிய இடத்தில் மீண்டும் கீறும்போது கோடு முன்போல் கூர்மையாக இராது. ஆகவே இது ஒட்டுப்போடும் வழி மட்டுமே.

படம் முழுவதும் ஒரே வெளிறலாக ஆகிவிட்டது

கீறுவது இன்பமான வேலை, நிறுத்துவதுதான் கடினம். முக்கால் பங்கு வெளுத்தபின் கறுப்பு என்ற பின்னணியே மறைந்து, எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் போகிறது. தொடங்குவதற்கு முன்பே, தொடக் கூடாத பகுதிகளைச் சாக்பீசால் பெருக்கல் குறியிட்டு ஒதுக்கிவைப்பது இதற்கு முன்காப்பு. இடையிடையே படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கண்ணைச் சுருக்கினால் விவரங்கள் மறைந்து இருளும் ஒளியும் மட்டும் எஞ்சும்.

மாதிரிப் படம் கறுப்புத் தாளில் பதியவில்லை

முதலில் மெல்லிய தாளில் வரைந்து, அத்தாளின் பின்புறம் சாக்பீசைத் தேய்த்து, கறுப்புப் பரப்பின்மேல் வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் இலேசாக ஓட்டினால் வெண்தடம் விழும். வழக்கமான நீலக் கார்பனும் கறுப்புக் கார்பனும் கறுப்பின்மேல் தெரியா. பேனாவை அழுத்தினால் தடம் பள்ளமாகி, பின்னர் வேண்டாத இடத்தில் கோடாகத் தெரியும். லினோ அச்சு (லினோலியத் தகட்டில் செதுக்கி, மையிட்டுத் தாளில் அச்செடுக்கும் முறை) செய்து பழகிய குழந்தைகள் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை, இங்கே அச்செடுப்பு கிடையாது.

வண்ணங்கள் பொருளோடு பொருந்தாமல் சிதறிக் கிடக்கின்றன

நிலவு பச்சையாகவும் மரம் இளஞ்சிவப்பாகவும் வருவது கற்பனையால் அன்று, அடியில் என்ன நிறம் எங்கே இருக்கிறது என்பதைக் குழந்தை மறந்துவிட்டதால். கறுப்புப் பூசுவதற்கு முன் கிரேயான் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இது தீரும். இன்னும் நல்ல வழி, நிறத்தைக் குறைப்பது. ‘தி ஹவுஸ் இன் தி நைட்’ நூல் முழுவதும் கறுப்பு வெள்ளையில் இருக்க, விளக்கு, நிலவு, விண்மீன் போன்றவற்றில் மட்டும் பொன்மஞ்சள் ஒளிர்கிறது. வெள்ளை அடித்தளத்தில் கீறி முடித்தபின், ஒளி புறப்படும் இடங்களில் மட்டும் மஞ்சள் நீர்வண்ணத்தை மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தால், களிமண் அட்டை அதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளைக் கிரேயான் அடித்தளம் நீர்வண்ணத்தை ஏற்காது. அதில் நிலவும் சன்னலும் வரப்போகும் இடங்களில் முதலிலேயே மஞ்சள் கிரேயானை இட்டுவைக்க வேண்டும்.

எல்லாக் குழந்தைகளின் படமும் நூலில் உள்ள பக்கத்தின் நகலாக இருக்கிறது

நூலைத் திறந்து வைத்துக்கொண்டே கீறச் சொன்னதன் விளைவு இது. நூலைச் சேர்ந்து பார்க்கும்போது, கறுப்பாகவே விட்ட இடம் எது, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, புல்லுக்கு எந்த வகைக் கோடு, துணிக்கு எந்த வகைக் கோடு என்று கேட்டுப் பேசிவிட்டு, நூலை மூடி அலமாரியில் வைத்துவிட வேண்டும். படத்துக்கான பொருள் குழந்தையின் இரவிலிருந்து வரட்டும். மின்தடையின்போது ஏற்றிய மெழுகுவர்த்தி, கடைசிப் பேருந்தின் சன்னல்கள், தெருவிளக்கின் கீழ் படுத்திருக்கும் நாய் என்று பட்டியல் தானே வளரும். ஓவியரிடமிருந்து கற்க வேண்டியது அவர் ஒளியை வைத்த முறைதான், அவர் வரைந்த வீடு அன்று.

முடித்த படம் சில வாரங்களில் கெடுகிறது

மெழுகின்மேல் நிற்கும் போஸ்டர் கலர் தண்ணீர்த் துளி பட்டாலே கலையும், படங்களை அடுக்கி வைத்தால் ஒன்றின் கறுப்பு மற்றொன்றின்மேல் ஒட்டும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, சுருட்டாமல் தட்டையாக வைக்க வேண்டும். நிலைநிறுத்தும் தெளிப்பான் அடிப்பதானால் பெரியவர் திறந்த வெளியில், எட்ட நின்று, மெல்லிய அடுக்குகளாக அடிக்க வேண்டும். ஒரே முறையில் நனைத்தால் பூச்சு குழைந்துவிடும். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி சுற்றிலும் கனத்த அட்டை விளிம்பு வைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டலாம்.